கூடப் பணம் கொடுத்தா மூணாவது கை முளைக்குமா?

வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்பத்தூர் பாட்டியின் கண்டிப்பு

(நமது நிருபர்)

சென்னை, மே.-

காலை மணி 6-40. அம்பத்தூர் ரெயில் நிலையத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து. பால்காரர் இன்னும் சந்தைத் தாண்டவில்லை. அதற்குள் அந்த நீலநிறக் கதவு தட்டப்பட்டது.

வாசலில் ஒரு நர்சு. தோளில் தூங்கும் குழந்தை. கையில் ஒரு கூடை. கூடைக்குள் நாலு ஜட்டி, இரண்டு சட்டை, ஒரு துண்டு, பெயரும் நேரமும் எழுதி ஒட்டிய தாய்ப்பால் டப்பா.

"ராத்திரி சரியாத் தூங்கலைம்மா. மூக்கு ஒழுகுது. காய்ச்சல் இல்லை" என்றார் நர்சு.

கதவைத் திறந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. குழந்தையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அதுவும் போதவில்லை. தெர்மாமீட்டரை எடுத்து அக்குளில் வைத்தார். "98 தான் இருக்கு. சரி, கொடு. நீ ஓடு, ரெயில் போயிடும்" என்றார்.

நர்சு ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை. "திரும்பிப் பார்த்தா கால் நகராது தம்பி. அதான் பார்க்க மாட்டாங்க" என்று அந்த அம்மாள் நம்மிடம் சொன்னார்.

போர்டு இல்லாத வீடு

அவருக்கு வயது 61. பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி விட்டார். "பேரைப் போட்டா நாளைக்கு இருபது பேர் வாசல்ல வந்து நிப்பாங்க. இல்லை, இடமில்லைன்னு சொல்றதுதான் இந்தத் தொழில்லயே பெரிய கஷ்டம்" என்றார்.

வீட்டு வாசலில் போர்டு கிடையாது. ஆனால் அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் 'பாட்டி வீடா?' என்று கை காட்டுவார்கள்.

அங்கே இருப்பது மொத்தம் 6 குழந்தைகள். ஒருத்தருக்கு 11 மாதம். அதுதான் நர்சின் கைக்குழந்தை. மற்றவர்கள் ஒன்றரை வயது முதல் மூன்றே முக்கால் வயது வரை. தாய்மார்களில் ஒருவர் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிறார். ஒருவர் பாங்கியில் இருக்கிறார். இருவர் கம்ப்யூட்டர் கம்பெனி.

6-வது குழந்தை யாருடையது தெரியுமா? பாட்டிக்கு உதவியாக இருக்கும் பெண்ணின் மகள்! "அவ பிள்ளையை எங்கேயோ விட்டுட்டு வந்து ஊரார் பிள்ளையைத் தூக்கினா, மனசு இங்கே இருக்குமா?" என்று கேட்டார் பாட்டி. அந்தக் குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கணக்கில் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. குளியலறையில் 2 பக்கெட். இரண்டுமே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வாளி, குவளை, துணி ஊற வைக்கும் பேசின் எல்லாமே கவிழ்ந்து கிடந்தன. குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம், ஆள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்.

"அது எதுக்கும்மா?" என்று கேட்டோம்.

"அப்புறம் சொல்றேன்" என்றார்.

கண்ணீருடன் வந்த பெண்

மணி 10. கத்திரி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குடையோடு ஓர் இளம்பெண் வந்தார். குடைக்கு அடியில் 5 மாதக் குழந்தை.

அவர் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறார். கணவர் டாக்சி ஓட்டுகிறார். பிரசவ விடுமுறை வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை காலை 9-30 மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டு விடுவார்களாம்.

பாட்டி குழந்தையை வாங்கிக் கொஞ்சினார். நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்தார். குழந்தை பொக்கை வாயால் சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வந்து விட்டது. ஆனால் பாட்டி குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏற்கனவே 6 பேர் இருக்காங்க. அதுல ஒண்ணு கைக்குழந்தை. ரெண்டு கைக்குழந்தை நான் வச்சுக்கிறது இல்லைம்மா."

"ஏழாவதா வச்சுக்கங்கம்மா. மத்தவங்களை விட ரெண்டாயிரம் கூடத் தர்றேன்."

"ரெண்டாயிரம் கூடக் கொடுத்தா எனக்கு மூணாவது கை முளைக்குமா?"

அந்தப் பெண்ணின் கண்களில் நீர் முட்டியது. பாட்டி அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தார். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. "சாயந்திரம் வா, யோசிச்சு வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

பெண் போனதும், ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டோம். அதற்குத்தான் அந்தக் கவிழ்ந்த பக்கெட்டின் கதையைச் சொன்னார்.

9 குழந்தைகள்

பாட்டி முதலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். காலர் மட்டும் தைக்கும் வேலை. 2009-ல் கம்பெனியை மூடி விட்டார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமியார் படுத்த படுக்கையாகி விட்டார். "ஒரு வாரம் பிள்ளையைப் பாருங்கக்கா" என்று கேட்டார். ஒரு வாரம் 2 வருடம் ஆனது. சொல்லாமலே செய்தி பரவியது. 2014-ல் 9 குழந்தைகள்!

அது பற்றி அவர் கூறியதாவது:-

"அப்போ உதவிக்கு ஆள் கிடையாது. நான் ஒருத்திதான். ஒன்பது பிள்ளைங்களான்னு கேட்டவங்ககிட்ட, என் அம்மா ஏழு பெத்து வளர்க்கலையான்னு பெருமையாச் சொல்லுவேன். ஏழு பிள்ளையும் ஒரே வயசுல இல்லையேன்னு எனக்குத் தோணலை.

அன்னிக்கு ஒரு பிள்ளையை மடியில போட்டு பாலாடையில பால் கொடுத்துக்கிட்டு இருந்தேன். இன்னொண்ணு வாந்தி எடுத்துச்சு. அதைத் துடைச்சேன். ரெண்டு பேர் பொம்மைக்குச் சண்டை. அதை விலக்கினேன். அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. நாலு வயசுப் பையன் ஒருத்தன் வந்து என் முந்தானையை இழுத்தான். 'பாட்டி, பாப்பா தண்ணியில தலை வச்சிருக்கு'ன்னான்.

ஓடினேன். பக்கெட்ல பாதித் தண்ணி. ஒன்றரை வயசுப் பொண்ணு தலைகீழா உள்ளே கிடக்கு. சத்தமே இல்லை தம்பி. விழுந்தா கத்தும், அழும்னு நினைக்கிறோமே, ஒரு சத்தமும் வரலை. தூக்கி எடுத்தேன். இருமிச்சு. அப்புறம் வீல்னு கத்துச்சு. அந்த அழுகை மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில கிடைச்சதில்லை."

குழந்தையை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பக்கத்து வீட்டுப் பெண் மற்ற 8 பேரையும் பார்த்துக்கொண்டார். டாக்டர் பரிசோதித்து, ஆபத்து இல்லை என்றார்.

மாலையில் தாய் வந்தபோது பாட்டி நடந்ததை மறைக்கவில்லை. "சொல்லாம விட்டிருந்தா அவங்களுக்குத் தெரியாது. ஆனா அப்புறம் நான் எந்தப் பிள்ளையையும் தொட முடியாது" என்றார்.

அந்தத் தாய் ஒரு வார்த்தை பேசவில்லையாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டார். 2 வாரம் வரவில்லை. 15-வது நாள் வந்து, "எத்தனை பிள்ளைங்களைக் குறைச்சீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குள் பாட்டி 3 பேரை வேறு இடத்துக்கு அனுப்பி, உதவிக்கு ஒரு பெண்ணையும் சேர்த்திருந்தார். "ஆறுக்கு மேல கிடையாது. கைக்குழந்தை ஒண்ணுதான்" என்றார். அந்தத் தாய் குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டார்.

அந்தப் பெண் குழந்தை இப்போது 8-ம் வகுப்பு படிக்கிறாள். போன பொங்கலுக்கு வந்து பாட்டிக்குக் கரும்பு கொடுத்து விட்டுப் போனாளாம்.

நடக்கப் பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். பக்கெட்டில் எட்டிப் பார்த்தால் தலை உள்ளே போய் விடும். திரும்ப நிமிரத் தெரியாது. சில அங்குலத் தண்ணீரே உயிரைக் குடித்து விடும். வீட்டில் குழந்தை உள்ள எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் இது.

சீமையிலும் இதே கணக்கு!

இங்கிலாந்தில் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே ஒருவர் 8 வயதுக்கு உட்பட்ட 6 பேருக்கு மேல் பார்த்துக்கொள்ளக் கூடாது. அந்த 6 பேரிலும் சின்னஞ்சிறுசுகள் 3 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுதான். பொதுவான விதி இது.

பாட்டி வீட்டில் பெரியவர்கள் 2 பேர். குழந்தைகள் 6. ஆளுக்கு 3! இங்கிலாந்துச் சட்டத்தைப் பாட்டி படித்தது இல்லை. பக்கெட் கற்றுக்கொடுத்த கணக்கு அது.

சரி, நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது?

50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் 2 குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை 12 வாரத்தில் இருந்து 26 வாரம் ஆனது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் வந்தது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த 50 பேர் கணக்கு இருக்கிறது.

காலையில் வந்த பெண் வேலை செய்யும் கடையில் 30 பேர்தான். அங்கே காப்பகம் கேட்க முடியாது.

தமிழக அரசு பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுமுறை. தனியாரில் 26 வாரம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு? பாட்டியின் உதவிப் பெண் சிரித்தார். "பிரசவம் ஆகி நாற்பதாம் நாள் நான் பாத்திரம் தேய்க்கப் போயிட்டேன் சார்" என்றார்.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். 1975 அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டில் 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவும் சேர்ந்து கொண்டது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். ஆனால் காலை 6-40-க்கு விட்டு, இரவு 7 மணிக்குக் கூட்டிப்போக அங்கன்வாடியில் முடியாது. அந்த இடைவெளியில்தான் பாட்டிகளின் பிழைப்பு நடக்கிறது. தாய்மார்களின் பிழைப்பும் நடக்கிறது.

நோட்டுப் புத்தகம்

பாட்டியிடம் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி. பக்கத்துக்கு 6 கட்டம். எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு, எத்தனை முறை வெளிக்குப் போனது, எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது எல்லாம் அதில் ஏறுகிறது. தாய் மாலையில் வந்ததும் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படிக்கிறார்.

நிருபர்: இவ்வளவு எழுத வேண்டுமா?

பாட்டி: எழுதலைன்னா, 'சாப்பிட்டானா?'ன்னு கேட்டா 'சாப்பிட்டான்'னு வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். எழுதினா பொய் சொல்ல முடியாது.

நிருபர்: தாய்ப்பாலை எப்படி வைக்கிறீர்கள்?

பாட்டி: வந்த உடனே பிரிஜ்ஜுல. வெளியில 4 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க. இந்த வெயிலுக்கு நான் 4 மணி நேரம்கூட வைக்கிறது இல்லை. அடுப்புல சூடு பண்ண மாட்டேன். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள டப்பாவை வச்சு வெதுவெதுன்னு எடுப்பேன். ரப்பர் பாட்டில் கிடையாது, பாலாடைதான். கழுவுறது சுலபம், வயித்துப்போக்கு வராது.

நிருபர்: சாப்பாடு?

பாட்டி: 6 மாசம் முடிஞ்சாத்தான் கஞ்சி. கேழ்வரகுப் பால் எடுத்துக் காய்ச்சுவேன். அப்புறம் பருப்பு சாதம், இட்லி, வாழைப்பழம். ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் கிடையாது. யார் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்க மாட்டேன். வேர்க்கடலை, முழுத் திராட்சை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது என்பது டாக்டர்கள் சொல்வதுதான். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயல் இழக்கச் செய்து விடும்.

தொண்டையில் எதுவும் சிக்கினால் என்ன செய்வது என்பதையும் நர்சு கற்றுக்கொடுத்திருக்கிறார். பாட்டி ஒரு பொம்மையை எடுத்துச் செய்தே காட்டினார். கைக்குழந்தை என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்திப் பிடித்து, 2 தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் 2 விரலால் 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108-க்குப் போன். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. பொருள் இன்னும் உள்ளே போய் விடும்.

தூளி கட்டவில்லையா என்று கேட்டோம். "ஒண்ணு ஆடினா, இன்னொண்ணு வந்து தள்ளி விடும். எல்லாருக்கும் தரையில பாய்தான். சின்னதை மல்லாக்கத்தான் படுக்க வைப்பேன். தலையணை கிடையாது" என்றார்.

பகல் 1 மணிக்கு 6 பாயும் விரிந்தன. மின்விசிறி சுற்றியது. பாட்டி மெல்லிய குரலில் ஏதோ முனகினார். 1-20-க்கு வீடே அமைதி. அப்போதுதான் பாட்டியும் உதவிப் பெண்ணும் சாப்பிட்டார்கள். அதுவும் ஒருவர் மாற்றி ஒருவர்!

மணிக்கு 42 ரூபாய்

தொழிலில் நல்ல வருமானமோ என்று நினைக்கிறீர்களா? பாட்டியே கணக்குச் சொன்னார்.

முழுநாள் குழந்தைகள் 4. ஆளுக்கு மாதம் 5,500 ரூபாய். ஆக 22 ஆயிரம். கைக்குழந்தைக்கு 7 ஆயிரம். மொத்த வரவு 29 ஆயிரம்.

உதவிப் பெண்ணுக்குச் சம்பளம் 10 ஆயிரம். பால், பழம், கேஸ், சோப்பு, பினாயில், கரண்ட், கிழிந்த பாய், உடைந்த பொம்மை எல்லாம் சேர்த்து 6 ஆயிரம். மிச்சம் 13 ஆயிரம்.

நாளைக்கு 12 மணி நேரம். மாதம் 26 நாள். வகுத்துப் பார்த்தோம். மணிக்கு 42 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. வீடு மறைந்த கணவர் கட்டிய சொந்த வீடு. "வாடகை வீடா இருந்தா இந்தக் கணக்கு நிக்காது. வீட்டுக்காரர் விடவும் மாட்டார்" என்றார் பாட்டி.

மே மாதம் வந்தால் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போய் விடுவார்கள். முன்பெல்லாம் அந்த மாதம் பணம் வராது. உதவிப் பெண்ணுக்குக் கைக்காசைப் போட்டுக் கொடுப்பார். இப்போது 'இடம் பிடித்து வைக்க அரைக் கட்டணம்' என்று சேர்க்கும்போதே சொல்லி விடுகிறார்.

2020-ல் கொரோனா வந்தபோது அரைக் கட்டணமும் போயிற்று. ஊரடங்கில் யாரும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு குழந்தை. அதுவும் ஒரு ஆஸ்பத்திரி ஊழியரின் குழந்தை. "அந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டா உனக்கும் நோய் வரும்னு தெருவே சொல்லுச்சு. நாங்க வச்சுக்கலைன்னா அவங்க எப்படி டியூட்டிக்குப் போவாங்க?" என்று கேட்டார். சீட்டுப் பணத்தை எடுத்து அந்த வருடத்தை ஓட்டினாராம்.

அபராதம் போட்டால் இன்னும் தாமதம்!

மாலை 6-30 மணிக்குள் குழந்தையைக் கூட்டிப்போக வேண்டும் என்பது விதி. (நர்சுக்கு மட்டும் 7 மணி.) ஆனால் சிலர் 7-30-க்கு வருவார்கள். ஒரு கட்டத்தில் பாட்டி அரை மணி தாமதத்துக்கு 50 ரூபாய் அபராதம் போட்டார்.

"என்ன ஆச்சு தெரியுமா? முன்னே 'மன்னிச்சுக்கங்கம்மா'ன்னு ஓடி வருவாங்க. அபராதம் போட்ட பிறகு 50 ரூபாயை நீட்டிக்கிட்டு நிதானமா வந்தாங்க. காசு கொடுத்தாச்சுல்ல!" என்றார்.

இது பாட்டியின் அனுபவம் மட்டும் அல்ல. இஸ்ரேல் நாட்டில் ஹைபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் 2 பொருளாதார நிபுணர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 6 இடங்களில் தாமதத்துக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்காகி விட்டது! அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 2000-ம் ஆண்டு அந்த ஆய்வு வெளியானது.

பாட்டியும் அபராதத்தை எடுத்து விட்டார். இப்போது வேறு வழி. 6-30 ஆனதும் குழந்தைக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். தாமதமாக வரும் அப்பாவுக்குச் சந்து முனையில் இருந்தே தெரிகிறது. மறுநாள் சீக்கிரம் வந்து விடுகிறாராம்!

தாத்தாவுக்கும் அனுமதி இல்லை

யார் வந்து கூட்டிப்போகலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு. குழந்தைக்கு 2 பேர். அவர்களின் போட்டோ நோட்டில் ஒட்டியிருக்கிறது.

ஒருமுறை ஊரில் இருந்து வந்த தாத்தா ஒருவர் பேரனைக் கூட்டிப்போக ஆசையாக வந்தார். பாட்டி கொடுக்கவில்லை. "நான் தாத்தா! என் மூக்கைப் பாரு, அவன் மூக்கைப் பாரு!" என்று சத்தம் போட்டாராம். தாய்க்குப் போன் செய்து, அவர் பேசிய பிறகுதான் குழந்தை கை மாறியது. "திட்டிட்டுப் போனார். ஆனா அடுத்த தடவை வரும்போது பலாப்பழம் கொண்டு வந்தார்" என்று சிரித்தார் பாட்டி.

காய்ச்சல் 100-ஐத் தாண்டினால் குழந்தையைச் சேர்ப்பது இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கிடையாது. வாயிலும் கையிலும் கொப்புளம் வரும் காய்ச்சல் ஒருத்தருக்கு வந்தால், அது ஆறும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும். "ஒருத்தருக்காக இரக்கப்பட்டா, ஆறு வீட்டிலும் லீவு போடணும்" என்றார்.

தாய்மார்களே, கவனியுங்கள்!

பக்கத்தில் இப்படி ஓர் இடத்தில் குழந்தையைச் சேர்க்கப் போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும்? பாட்டி சொன்ன யோசனைகள்:-

* எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள் என்று எண்ணுங்கள். சொல்லாமல் ஒரு நாள் பகல் 11 மணிக்குப் போய் மறுபடி எண்ணுங்கள்.

* முதலில் குளியலறையைப் பாருங்கள். பிறகு சமையல் அறை, மாடிப்படி, தெருக்கதவு. பொம்மைகளைக் கடைசியாகப் பாருங்கள்.

* மண்ணெண்ணெய், பினாயில், மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். குளிர்பானப் பாட்டிலில் பினாயில் ஊற்றி வைத்திருந்தால் திரும்பி வந்து விடுங்கள்.

* வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

* முதல் நாளே முழுநாள் விடாதீர்கள். ஒரு மணி நேரம், 2 மணி நேரம், அரை நாள் என்று ஒரு வாரம் பழக்குங்கள்.

* குழந்தை போகும்போது அழுவது இயற்கை. நீங்கள் கூப்பிட வரும்போதும் பயந்து ஒடுங்கியே இருந்தால் விசாரியுங்கள். தவறு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் 1098-க்குப் போன் செய்யலாம்.

"என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். என்னை நம்புங்கன்னு சொல்ல மாட்டேன். வந்து பாருங்கன்னுதான் சொல்லுவேன்" என்றார் பாட்டி.

ஜூன் 1

மாலை 6 மணி. சொன்னபடி அந்த இளம்பெண் மறுபடி வந்தார். கணவரும் கூட வந்திருந்தார். பாட்டி நோட்டைத் திறந்தார்.

"இதோ இந்தச் சுருட்டைமுடி அடுத்த மாசம் எல்.கே.ஜி. போறான். ஒரு இடம் காலி. நர்சம்மா பிள்ளைக்கு இந்த மாசக் கடைசியில ஒரு வயசு. அப்போ கைக்குழந்தை இடமும் காலி. ஜூன் 1-ந் தேதி உன் பிள்ளைதான். நடுவுல 4 வாரம். அதுக்கு யார் இருக்கா?"

"யாரும் இல்லைம்மா. எங்கம்மா திண்டிவனம் பக்கத்துல இருக்காங்க. அவங்களால வர முடியாது. ரெண்டு ஆடு வச்சிருக்காங்க."

"போன் போடு" என்றார் பாட்டி.

அந்தப் பெண் தயங்கினார். கணவர் போனை எடுத்துக் கொடுத்தார். "அம்மா, 4 வாரம்தான்மா. வந்துட்டுப் போயிடும்மா" என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. மறுமுனையில் என்ன சொன்னார்களோ! பாட்டியே போனை வாங்கினார்.

"நான் பிள்ளை பார்க்கிற பாட்டி பேசுறேங்க. உங்க பேரனை என்கிட்ட ஏழாவதா போட்டா என்னால பார்க்க முடியாது. பார்க்க முடியும்னு பொய் சொல்லிப் பணம் வாங்கிக்க எனக்குத் தெரியும். செய்ய மாட்டேன். நீங்க 4 வாரம் வந்தா உங்க பொண்ணு வேலை நிக்கும். ஜூன்ல இருந்து நான் பார்த்துக்கிறேன். கடைசி வாரம் தினம் ஒரு மணி நேரம் பிள்ளையோட இங்கே வந்து உட்காருங்க. நான் எப்படித் தூக்குறேன்னு நீங்களும் பாருங்க."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பாட்டி சிரித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சனிக்கிழமை வர்றாங்களாம். ஆட்டைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வர்றாங்களாம். ஆட்டுக்கும் ஒரு பாட்டி வீடு கிடைச்சிருச்சு!"

அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தார். பாட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஜூன் 1' என்று எழுதி, எதிரே குழந்தையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மணி 7-05. நர்சு ஓடி வந்தார். பாட்டி கைக்குழந்தையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மூக்கு ஒழுகல் குறைஞ்சிருக்கு. நோட்டைப் பாரு" என்றார். கடைசிக் குழந்தையும் போனது.

உதவிப் பெண் வீட்டைப் பெருக்கித் துடைத்தார். துடைத்த தண்ணீரைக் கொட்டி விட்டுப் பக்கெட்டைக் குளியலறையில் வைத்தார். பாட்டி எழுந்து போய்ப் பார்த்தார். பக்கெட் கவிழ்ந்துதான் இருந்தது. வீட்டில் இப்போது உதவிப் பெண்ணின் மகள் ஒருத்திதான் இருந்தாள். இருந்தாலும் வெளித் தாழ்ப்பாளைப் போட்டு விட்டு வந்து உட்கார்ந்தார்.